கொக்கியை எங்க மாட்ட, சாரே?

அபுதாபியில் ஒன்பது வருஷம் சேஃப்டி ஆபீசராக இருந்துவிட்டு ஊருக்கு வந்து இறங்கியபோது என் கையில் இரண்டு பெட்டி. ஒன்றில் துணிமணி, கோடாலித் தைலம், பிள்ளைகளுக்கு மிட்டாய். இன்னொன்று முழுக்க ஃபைல். பெர்மிட் படிவங்கள், செக்லிஸ்ட்டுகள், அபாய மதிப்பீட்டு அட்டவணைகள். இதை வைத்தே மிச்சக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் நடுவில் கடற்கரையை ஒட்டிய ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்தது. ஐஸ் பிளாண்டும் மீன் பதப்படுத்தும் கூடமும் ஒரே வளாகத்தில். மீன் வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஆடிட்டுக்கு வந்தபோது 'உங்கள் பாதுகாப்பு மேலாளர் யார்?' என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். முதலாளியே சிரித்துக்கொண்டு சொன்னார். இது நடந்து ஏழு வருஷம் ஆகிறது.

சேர்ந்த முதல் வாரமே கிரஷர் பக்கம் போனேன். ஐஸ் பிளாண்டைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிவைத்த தகர கேன்களில் தண்ணீர் உறைந்து கட்டியாகும். ஒரு கட்டி இரண்டு ஆள் எடைக்குக் குறையாது. கேனைத் தூக்கிக் கவிழ்த்து, கட்டியை இரும்புக் கொக்கியால் தரையோடு இழுத்துவந்து கிரஷரின் வாய்க்குள் தள்ளுவார்கள். உள்ளே பல் வைத்த உருளை சுற்றிக்கொண்டிருக்கும். கட்டி நொறுங்கி, சரிவுக்குழாய் வழியாக மீன்பிடி போட்டுக்கோ லாரிக்கோ போகும்.

நான் போனபோது ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் சிக்கிய கட்டியைக் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். வயது அறுபது இருக்கும். எல்லோரும் மாமா என்று கூப்பிடுவார்கள். வாயை மூட வேண்டிய கம்பி வலை பின்னால் சுவரோரம் துருப்பிடித்துச் சாய்ந்து நின்றது. எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. மிஷினை நிறுத்தச் சொல்லி, நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"சாரே, வலை மாட்டினா கட்டி குறுக்க நின்னுரும். நின்னா வலையத் தூக்கிக் கைய விட்டுல்லா எடுக்கணும்? வலை இல்லேன்னா காலால தள்ளலாம். கை போறதுக்குக் கால் போனாத் தேவல இல்லியா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் கணக்கு சரி. எங்களுடைய வலைதான் அந்த மனுஷனைக் கையா காலா என்று யோசிக்கவைத்திருந்தது. அவர் விதியை மீறவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் வேலையும் நடக்க வேண்டும், உடம்பும் மிஞ்ச வேண்டும் என்று அவருக்குத் தெரிந்த வழியில் ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தார். அதைத் திட்டித் தீர்க்க முடியாது.

அந்த வாரம் மாமாவையே பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தோம். உள்ளூர் வெல்டிங் பட்டறைக்காரர் கிரஷர் வாயின் மேல் தகட்டால் ஒரு நீளக் கூண்டு கட்டித் தந்தார். தோள்வரை கையை விட்டாலும் விரல் பல்லுக்கு எட்டக் கூடாது என்பது அளவு. எங்கள் கூடத்திலேயே கை நீளமான ஆளைக் கூப்பிட்டு, மிஷினை நிறுத்திப் பூட்டி, கையை விடச் சொல்லி அளந்து, அதற்கு மேல் ஒரு சாண் கூட்டினோம். வாய்க்கு முன்னால் தரையைச் சரிவாக்கினோம். கட்டி தானே வழுக்கிப் போய் நேராக விழும், குறுக்கே நிற்பது அபூர்வம். அப்படியும் நின்றால் தள்ளுவதற்குக் கமுகு வாரியில் ஒரு கோல். மோட்டாரைப் பின்னோக்கிச் சுற்ற ஒரு சுவிட்ச். எல்லாவற்றிலும் மலிவு அந்தக் கமுகு வாரிதான். இன்றைக்கும் எல்லோரும் விடாமல் எடுத்துப் பயன்படுத்துவதும் அதைத்தான்.

பாதுகாப்புப் பாடத்தில் ஒரு வரிசை சொல்லித்தருவார்கள். ஆபத்தை அடியோடு ஒழிக்கப் பார், முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த பொருளையோ முறையையோ கொண்டுவா, அடுத்து தடுப்பு வை, அப்புறம் விதியும் பயிற்சியும், கடைசியாக ஹெல்மெட், கையுறை. நான் பார்த்த நிர்வாகங்கள் பெரும்பாலும் இதைக் கீழேயிருந்து மேலே வாசிக்கின்றன. ஹெல்மெட் வாங்கிக் கொடுத்ததும் கை கழுவியாயிற்று. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாளன்று உறுதிமொழி, பேட்ஜ், லட்டு, போட்டோ. லட்டு நன்றாகத்தான் இருக்கும். குறை சொல்லவில்லை.

அமோனியாவுக்கு வருகிறேன். ஐஸ் பிளாண்டில் வேலை பார்க்கிற பாதுகாப்பு மேலாளர் இரவில் திடுக்கிட்டு விழிப்பதென்றால் இதற்காகத்தான் இருக்கும்.

குளிரூட்டும் குழாய்களில் ஓடுவது அமோனியா. மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் திரவம். கொஞ்சம் வெளியே வந்தாலும் மூக்குக்குத் தெரிந்துவிடும், அது நல்ல விஷயம். சின்னக் கசிவை எங்கள் ஆப்பரேட்டர்கள் கந்தகத் திரி கொளுத்திக் கண்டுபிடிப்பார்கள். கசிகிற இடத்தில் திரியைக் காட்டினால் வெள்ளைப் புகை எழும். எட்டு மணி நேர வேலைக்குக் காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு. 300 பங்கு வந்துவிட்டால் உயிருக்கு ஆபத்தான நிலை. நடுவில் இருப்பது கண் எரிச்சல், இருமல், பிறகு ஓட்டம்.

பெரிய கசிவு எங்கே வரும் என்று கேட்டால், புதிதாக வருகிறவர்கள் வெல்டிங் விட்டுப்போகும், குழாய் வெடிக்கும் என்பார்கள். எங்களுக்கு வந்தது எண்ணெய் இறக்கும்போது. கம்ப்ரஸரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெய் அமோனியாவோடு போய்விடும். திரவ அமோனியாவைவிட அது கனம், அதனால் அடியில் தங்கும். அவ்வப்போது அடி வால்வைத் திறந்து வாளியில் பிடிக்க வேண்டும். குளிரில் எண்ணெய் கெட்டியாகிக் கரும்பட்டிப் பாகு மாதிரி மெதுவாக வரும். நிற்கிறவருக்குப் பொறுமை போய் வால்வை இன்னும் ஒரு சுற்றுத் திறப்பார். எண்ணெய் தீர்ந்த மறுநொடி பின்னால் நிற்கிற அமோனியா பீறிட்டு வரும்.

அன்றைக்கு ஆப்பரேட்டர் அண்ணன் வால்வைத் திறந்துவிட்டு, வாளி நிரம்ப நேரமாகும் என்று நாலடி தள்ளிப்போய் போன் பேசிக்கொண்டிருந்தார். நான் அலுவலகத்தில். சத்தத்தைவிட நெடிதான் முதலில் வந்தது. மிஷின் அறை வாசலில் வெள்ளை மேகம், தரையோடு தவழ்ந்தது. அமோனியா காற்றைவிட லேசான வாயு, மேலே போய்விடும் என்றுதான் படித்திருந்தேன். நம் கடற்கரைக் காற்றில் இருக்கிற ஈரத்தில் அது குளிர்ந்த மூடுபனியாகிக் கீழேயே கிடக்கும் என்பதை அன்றைக்குக் கண்ணால் பார்த்தேன். தென்மேற்குக் காற்று வேறு. மேகம் நேராக மீன் வெட்டுகிற பெண்கள் இருந்த கூடத்துப் பக்கம் போனது. ஆபத்து நேரத்தில் எல்லோரும் கூடும் இடம் என்று நாங்கள் குறித்துவைத்திருந்ததும் அந்தப் பக்கம்தான்!

சுவாசக் கருவி அலமாரியில் பத்திரமாகப் பூட்டியிருந்தது. சாவி கணக்கரிடம். கணக்கர் கருங்கலில், வங்கியில்.

ஆப்பரேட்டர் அண்ணன் தோர்த்தைத் தண்ணீரில் நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே புகுந்து வால்வை மூடிவிட்டார். வெளியே வந்தபோது கண்ணைத் திறக்க முடியவில்லை. கேனுக்குத் தண்ணீர் பிடிக்கிற தொட்டிக் குழாயின் கீழே உட்காரவைத்து, இமையை விரித்துப் பிடித்துக் கால் மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் விட்டோம். ஆஸ்பத்திரியில் டாக்டர், தண்ணீர் விட்டதுதான் கண்ணைக் காப்பாற்றியது என்றார். மற்ற யாருக்கும் இருமலுக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த வாரம் முதலாளி அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டலுக்கு நடுவில் எனக்கு மட்டும் நிலைகொள்ளவில்லை. அண்ணனின் தைரியத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தப் பொன்னாடையைப் பார்த்து அடுத்த முறை இன்னொரு பையன் ஈரத் துண்டோடு உள்ளே போவான். ஈரத் துண்டு சில மூச்சுக்குத் தாங்கும், அவ்வளவுதான். முதலாளியிடம் தனியாகச் சொன்னேன். கொஞ்சம் வருத்தப்பட்டார். பிறகு பணம் ஒதுக்கினார்.

எண்ணெய் இறக்கும் இடத்தில் இரண்டாவதாக ஒரு வால்வு வைத்தோம். கையால் அழுத்திப் பிடித்திருந்தால்தான் திறந்திருக்கும், கையை எடுத்தால் ஸ்பிரிங் தானே மூடிவிடும். போன் பேசப் போக முடியாது. எண்ணெய் இறக்க இரண்டு பேர், ஒருவர் வாசலுக்கு வெளியே. சுவாசக் கருவி மிஷின் அறைக்கு வெளியே இரண்டு எதிரெதிர்ப் பக்கத்தில், பூட்டில்லாத கண்ணாடிப் பெட்டியில். எந்தக் காற்றடித்தாலும் ஒன்றாவது கைக்கு எட்ட வேண்டும். கம்ப்ரஸரை நிறுத்தும் பட்டனும் வெளியே வந்தது. கூரை மேல் காற்றின் திசை காட்ட ஒரு காற்றுப்பை, கூடும் இடம் ஒன்றுக்குப் பதில் இரண்டு. மேகம் வந்தால் காற்றுப்பையைப் பார், காற்றுக்குக் குறுக்காக நட. இதை மீன் வெட்டுகிற அக்காமார் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள், ஏனென்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கவைத்துப் பார்க்கிறோம். திரவமாகத் தேங்கிக் கிடக்கிற அமோனியா மேல் மட்டும் தண்ணீரைப் பீய்ச்சக் கூடாது, சட்டென்று கொதித்து இன்னும் அதிகமாகக் கிளம்பும். மேகத்தின் மேல் தண்ணீரைத் தூவினால் அடங்கும். இந்த வித்தியாசத்தைப் பம்ப் பிடிக்கிறவர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது.

மின்சாரம் பற்றிச் சுருக்கமாக. நம் ஊர் எலக்ட்ரீஷியன்களிடம் பழைய பழக்கம் ஒன்று உண்டு. வேலை தொடங்குமுன் பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள். யாரும் சொல்லித்தராமல் வந்த நல்ல பழக்கம், அதைக் கேலி செய்யக் கூடாது. குறை என்னவென்றால் மேஜை டிராயரில் ஸ்பேர் கட்டை இருக்கும். உப்புத் தண்ணீர்த் தொட்டியின் கலக்கி ஃபேனுக்கு பெல்ட் மாற்ற எங்கள் எலக்ட்ரீஷியன் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார். ஷிப்ட் மாறியது. புதிதாக வந்த ஆப்பரேட்டர் தொட்டியின் குளிர் குறைவதைப் பார்த்தார், பியூஸ் இடம் காலியாக இருப்பதைப் பார்த்தார், ஸ்பேரை எடுத்துக் குத்தினார். ஃபேன் சுற்றியபோது எலக்ட்ரீஷியன் ஸ்பானர் எடுக்கக் கையை வெளியே எடுத்திருந்தார். ஒரு ஸ்பானர் தூரம்.

இரண்டு பேரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள். அன்றைக்கு எனக்கு 1988 ஜூலை 6 ஞாபகம் வந்தது. வட கடலில் பைப்பர் ஆல்பா என்ற எண்ணெய் மேடையில் பகல் ஷிப்ட் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றி எடுத்திருந்தது. அந்தத் தகவல் இரவு ஷிப்டின் காதுக்கு எட்டவில்லை. மற்ற பம்ப் நின்றுபோனதும் இதை ஓட்டினார்கள். கசிந்து வெடித்துத் தீப்பிடித்ததில் 167 பேர் இறந்தார்கள். டிப்ளமோ வகுப்பில் அதை ஐந்து மார்க் கேள்வியாகப் படித்தவன் நான்.

இப்போது எங்களிடம் ஆளுக்கொரு பூட்டு. பூட்டில் அவரவர் போட்டோ, சாவி அவரவர் பாக்கெட்டில். பூட்டிய பிறகு ஸ்டார்ட் பட்டனை அமுக்கி, ஓடவில்லை என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஒருமுறை ஒருவர் பூட்டைத் திறக்க மறந்து சாவியோடு தக்கலைக்குப் போய்விட்டார். பைக்கில் ஆள் அனுப்பி வாங்கிவரும்வரை மிஷின் நின்றது. படகு அணையும் ஜெட்டியில் போட்டுக்காரர்கள் ஐஸ் கேட்டுச் சத்தம். பூட்டை அறுத்துவிடலாமா என்று சூப்பர்வைசர் கேட்டார். வேண்டாம் என்றேன். அன்று அறுத்திருந்தால் அதற்குப் பிறகு அந்தப் பூட்டுக்கு ஒரு மரியாதையும் இருந்திருக்காது.

எங்கள் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. தடைக் காலம் என்றால் வேலை குறைவு, ஆபத்தும் குறைவு என்று முதல் வருஷம் நினைத்தேன். தலைகீழ். வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட ரிப்பேர் எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான். தினமும் செய்கிற வேலையில் கைக்கு ஒரு பழக்கம் இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற வேலையில் போன வருஷம் எப்படிச் செய்தோம் என்பதே மறந்திருக்கும், ஆளும் மாறியிருப்பார்கள். பாதுகாப்பு மேலாளர் லீவு போடக் கூடாத காலம் அதுதான்.

அப்படி ஒரு ஜூனில், தெரிந்த போட்டுக்காரர் ஒருவர் கூப்பிட்டார். அவர் போட்டின் மீன் அறை மூன்று வாரமாக மூடிக்கிடந்தது. அடியில் மீன் கழிவுத் தண்ணீர். கழுவ இறங்கிய பையன் தலை சுற்றுகிறது என்று தானாகவே ஏறி வந்துவிட்டான். நான் போனபோது மேல்தளத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"மொதல்ல அழுவின முட்ட நாத்தம் சாரே. கொஞ்ச நேரத்துல நாத்தம் போயிட்டு. சரி, காத்து வந்துட்டாக்கும்னு நெனச்சு உள்ள போனேன்."

நாற்றம் போகவில்லை, மூக்கு செத்துவிட்டது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் முதலில் முகரும் சக்தியைத்தான் முடக்கும். இதை அவனுக்குச் சொன்னபோது பக்கத்தில் நின்ற பெரியவர்களும் கிட்டே வந்து கேட்டார்கள். அவர்களில் ஒருவர், கிணற்றில் இறங்குமுன் ஓலைச்சூட்டு கொளுத்தி இறக்கிப் பார்ப்போமே, இங்கேயும் பார்க்கலாமே என்றார். சூட்டு அணைந்தால் ஆக்ஸிஜன் குறைவு என்று தெரியும், அது உண்மை. ஆனால் அது எரிந்துகொண்டிருக்கும்போதே ஆளைக் கொல்கிற அளவுக்கு விஷ வாயு இருக்கலாம். மீத்தேன் மாதிரி எரிகிற வாயு இருந்தால் சூட்டே வெடிக்குத் திரியாகிவிடும்.

எங்களிடம் இருந்த, நாலு வகை வாயுவை அளக்கிற மீட்டரைக் கயிற்றில் கட்டி மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் பார்த்தோம். ஆக்ஸிஜன் வெளிக்காற்றில் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே போனால் இறங்கக் கூடாது. அன்றைக்கு மேலே பார்த்தால் எல்லாம் சரி. அடியில் மீட்டர் அலறியது. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனம், குழியில் தங்கும். வாயில் மட்டும் பார்த்துவிட்டு இறங்குகிறவர்கள் ஏமாறுவது இதில்தான். குழாய் வைத்த புளோயர் போட்டு அரை நாள் காற்றை வெளியேற்றிவிட்டு, மறுபடி அளந்துவிட்டு, அதன் பிறகே ஆள் இறங்கியது. உடம்பில் கயிறு, மேலே ஒருவர் காவல், புளோயர் கடைசிவரை ஓட வேண்டும்.

காவல் நிற்கிறவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உள்ளே இருக்கிறவர் விழுந்தால் நீ இறங்காதே, கயிற்றை இழு, ஆளைக் கூப்பிடு. கேட்க இரக்கமில்லாத பேச்சாகத் தோன்றும். 'அவன் என் தம்பியாக்கும்' என்று அந்தப் போட்டில் ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். அவரிடம் நான் திருப்பிக் கேட்டேன்: "நீங்களும் விழுந்தா ரெண்டு பேர வெளியெடுக்க யாரு இருக்கா?" கிணறு, தொட்டி, குழி என்று செய்தித்தாளில் வருகிற சாவுகளைப் பாருங்கள், ஒருவர் இறந்தார் என்று வருவது குறைவு. காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்துதான் எண்ணிக்கையில் இருப்பார்கள்.

இதுவரை எழுதியதில் நான் கொஞ்சம் புத்திசாலியாகத் தெரியலாம். கூரை விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும்.

என் நாலாவது வருஷம், மே கடைசி வாரம். இடவப்பாதி மழைக்கு முன்னால் பதப்படுத்தும் கூடத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் ஒழுக்கு அடைக்க வேண்டும். காண்ட்ராக்டர் ஆள் மூன்று பேர். உயரத்தில் வேலை செய்வதற்கான பெர்மிட் படிவம் என் மேஜைக்கு வந்தது. ஹெல்மெட், டிக். ஏணி, டிக். ஹார்னஸ், அதாவது விழாமல் தாங்க உடம்பில் மாட்டுகிற, கயிறும் கொக்கியும் உள்ள பட்டை, டிக். ஆடிட்டுக்கு வேண்டிய வேறு காகிதங்கள் குவிந்து கிடந்தன. நான் உட்கார்ந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டேன்.

மதியம் ஒரு மணிக்கு ஒரு சத்தம் கேட்டது. அதை விவரிக்க மாட்டேன்.

விழுந்தவருக்கு முப்பது வயது. இடுப்பிலும் குதிகாலிலும் எலும்பு முறிவு. உயிர் பிழைத்தார். மறுபடி ஊன்றுகோல் இல்லாமல் நடக்க எட்டு மாதம் ஆனது. ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். அவர் உடம்பில் ஹார்னஸ் சரியாகவே மாட்டியிருந்தது. கொக்கி மட்டும் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பல நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனபோது, தயங்கித் தயங்கி, ஏன் கொக்கி மாட்டவில்லை என்று கேட்டேன். அவர் கோபப்படக்கூட இல்லை.

"கொக்கிய எங்க மாட்ட, சாரே? மேல ஒண்ணும் கெடையாதுல்லா."

மறுநாள் நான் ஏணியில் ஏறிப் பார்த்தேன். கூரை முகட்டில் மாட்டுவதற்கு ஒரு வளையம்கூட இல்லை. அவர் மிதித்து விழுந்தது ஆஸ்பெஸ்டாஸ்கூட இல்லை, வெளிச்சத்துக்காக நடுவே போடுகிற, கண்ணாடி ஷீட் என்று நாங்கள் சொல்கிற பிளாஸ்டிக் ஷீட். உப்புக் காற்றிலும் தூசியிலும் கறுத்து, பக்கத்து ஷீட்டோடு ஷீட்டாகத் தெரிந்தது. வெயிலில் வெந்து நொறுங்குகிற நிலையில் இருந்தது. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்திருந்தால் வெளிச்சம் வருகிற இடமெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும். அது நான் தினமும் நடக்கிற கூடம். நேரமோ உச்சி வெயில். அபுதாபியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்குவது சட்டப்படி தடை. அங்கே ஒன்பது வருஷம் அதைக் கண்காணித்தவன், இங்கே அதே நேரத்துக்கு பெர்மிட் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் கணக்குப் போட்டேன். கொக்கி மாட்ட இடம் இருந்தாலும் அன்றைய ஹார்னஸ் காப்பாற்றியிருக்காது. கயிறு 1.8 மீட்டர். விழுகிற வேகத்தைத் தாங்குகிற பட்டை பிரிந்து நீள்வது ஒரு மீட்டருக்கு மேல். ஆளின் உயரம், காலுக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி என்று சேர்த்தால் கிட்டத்தட்ட ஆறு மீட்டர் வேண்டும். எங்கள் கூரை நாலரை மீட்டர். கயிறு இறுகும் முன்னே தரை வந்துவிடும். டிக் போட்ட கட்டத்தில் இந்தக் கணக்கைக் கேட்கிற கேள்வி இல்லை.

இப்போது ஒழுக்கு அடைப்பதைக் கூடியவரை உள்ளேயிருந்து சக்கரச் சாரம் தள்ளிக்கொண்டுபோய்ச் செய்கிறோம். மேலே ஏறியே ஆக வேண்டுமென்றால் கீழே வலை கட்டுகிறோம். ஷீட்டை மிதிக்காமல் குறுக்குப் பலகை போட்டு அதன் மேல்தான் நடக்க வேண்டும். முகட்டில் கம்பிக்கயிறு நிரந்தரமாக இழுத்திருக்கிறது, அதில் கார் சீட் பெல்ட் போல வெடுக்கென்று இழுத்தால் பிடித்துக்கொள்கிற வகைக் கொக்கி. கண்ணாடி ஷீட் ஒவ்வொன்றுக்கும் கம்பிச் சட்டம் போட்டு மஞ்சள் பெயிண்ட் அடித்தாயிற்று. வேலை காலை ஆறிலிருந்து பத்துவரை. பெர்மிட்டில் என் கையெழுத்து வேலை நடக்கிற இடத்தில் வைத்துத்தான். மேஜையில் வைத்துப் போடமாட்டேன் என்று முதலாளிக்கு எழுதியே கொடுத்துவிட்டேன். கூரையிலிருந்து விழுந்தவரைப் பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை போகிறேன். இப்போது வீட்டோடு ஒரு பெட்டிக்கடை வைத்திருக்கிறார். சாயா போட்டுத் தருவார். அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

கூரைச் சம்பவத்துக்குப் பிறகு என்னை உறுத்திய கேள்வி: மேலே வளையம் இல்லை என்பது அந்த மூன்று பேருக்கும் ஏறிய நிமிஷமே தெரிந்திருக்கிறது. ஏன் யாரும் இறங்கி வந்து சொல்லவில்லை? நூலிழையில் தப்பிய சம்பவங்களை எழுதிப்போட ஒரு பெட்டி வைத்திருந்தேன். இரண்டு வருஷத்தில் அதில் விழுந்தது ஒரு சம்பள முன்பணக் கோரிக்கையும் ஒரு மிட்டாய்க் காகிதமும்.

பெட்டியை எடுத்துவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் சாயாவும் பழம்பொரியும் என் செலவு. ஃபைல், பேனா எதுவும் கிடையாது. 'விபத்து ஏதும் உண்டா?' என்று கேட்டால் 'இல்ல சாரே' என்றுதான் பதில் வரும். அதனால் 'இந்த வாரம் எங்க வச்சுப் பயந்தீங்க?' என்று கேட்க ஆரம்பித்தேன். முதல் இரண்டு வாரம் சிரிப்புதான். மூன்றாவது வாரம் மாமா ஆரம்பித்துவைத்தார். இரவில் ஜெட்டி விளிம்பில் லைட் இல்லாமல் சரிவுக்குழாயைத் திருப்பும்போது கால் நழுவப் பார்த்ததைச் சொன்னார். திங்கள்கிழமை லைட் எரிந்தது. அதுதான் முக்கியம். திங்கள்கிழமை எரியாமல் போயிருந்தால் அடுத்த சனிக்கிழமை பழம்பொரி மட்டும்தான் காலியாகியிருக்கும். சொன்னவரின் பெயர் சூப்பர்வைசர் காதுக்குப் போகாது என்பதும் ஒப்பந்தம்.

வடக்கிலிருந்து வந்திருக்கிற பையன்கள்தான் கடைசிவரை வாய் திறக்கவில்லை. ஒடிசா, அசாம், பீகார். காலையில் பாதுகாப்புப் பேச்சு முடிந்ததும் 'சமஜ் கயா?' என்று கேட்டால் எல்லாத் தலையும் ஆடும். அபுதாபியில் அரபியில் கேட்டபோது என் தலையும் இப்படித்தான் ஆடியிருக்கிறது. அதனால் கேட்பதை நிறுத்திவிட்டுச் செய்து காட்டச் சொல்கிறேன். பூட்டுப் போடு. காற்றுப்பை பார்த்து எந்தப் பக்கம் ஓடுவாய், ஓடிக் காட்டு. தப்பாக ஓடினால் சிரிக்கலாம், திட்டக் கூடாது. ஆறு மாதத்துக்கு முன் வந்த ஒருவன் மற்றவர்களுக்கு மொழிபெயர்க்கிற அளவுக்குத் தமிழ் பிடித்துவிட்டான். அதுவும் நம் ஊர்த் தமிழ், வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஆக்கும்' வரும்.

போன சனிக்கிழமை அவன் சாயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "சாரே, டேங்க் ஏணி, மூணாவது படி ஆடுது. நான் பயமாக்கும்."

எனக்கு ஆச்சரியம். அந்த ஏணியை நான் மாதாமாதம் பரிசோதித்து ரிஜிஸ்டரில் எழுதுகிறேன். ஸ்பானரை எடுத்துக்கொண்டு அவனோடு போய்ப் பார்த்தேன். படியின் ஒரு பக்கத்து போல்ட் உப்பில் அரித்துப் பாதியாகியிருந்தது. பின்னாலேயே வந்து நின்ற நாலு பேரிடம், இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும் சாரே," என்றார் மாமா. "நாங்க ரெண்டாவதுல இருந்து நாலாவதுக்குத் தாண்டிருவோம்லா."